மேனேஜ்மென்ட் ஆராய்ச்சி தொழில் நடத்துபவருக்கு உதவுமா?

கேள்வி இதுதான். எம்பிஏ முடித்துவிட்டுப் பல்லடம் பக்கம் அப்பாவின் நெசவு மில்லுக்கு வந்திருக்கிறார் ஒருவர். படித்ததில் பாதி இங்கே ஒட்டவே மாட்டேன் என்கிறது, அப்பாவோ "உன் புஸ்தகத்தை ஓரமா வை" என்கிறார். மேனேஜ்மென்ட் ஆராய்ச்சி உண்மையிலேயே தொழிலுக்குப் பயன்படுகிறதா, இல்லை பேராசிரியர்கள் தங்களுக்குள் எழுதித் தங்களுக்குள் படித்துக்கொள்கிற சமாச்சாரமா, பயன்படும் என்றால் நடுவிலிருக்கும் இடைவெளியை யார் எப்படிக் குறைப்பது என்று கேட்கிறார்.

பயன்படுகிறது. ஆனால் கட்டுரையாக வந்து சேர்ந்தால் பயன்படுவதில்லை. யாராவது ஒரு ஆள் அதை ஷெட்டுக்குள் கொண்டுவந்து சில மாதம் கூடவே நிற்க வேண்டியிருக்கிறது, அப்படி நின்ற பிறகும் கூலி முறையும் தினசரி வேலையும் அதற்கு ஒத்துப்போனால்தான் அது தங்குகிறது. தொழில் செய்பவர்கள் படிப்பதில்லை என்பது ஒரு பக்கப் புகார், பேராசிரியர்களுக்கு நடைமுறை தெரியாது என்பது மறுபக்கப் புகார். இரண்டிலும் உண்மை உண்டு. ஆனால் நாளைக்கே எல்லா முதலாளிகளும் படிக்க ஆரம்பித்து, எல்லாப் பேராசிரியர்களும் எளிய தமிழில் எழுத ஆரம்பித்தாலும் பெரிதாக ஒன்றும் மாறிவிடாது என்றுதான் நினைக்கிறேன். ஏன் என்று சொல்ல வெளியே எங்கும் போக வேண்டாம், நெசவிலேயே நல்ல கதை இருக்கிறது.

மும்பைக்கு வடக்கே தாராப்பூர், உம்பர்காவ் என்று இரண்டு ஊர்கள், நெசவு மில்கள் நிறைந்த இடம். அங்கே 2008ல் ஸ்டான்ஃபோர்டைச் சேர்ந்த நிக்கலஸ் புளூம், உலக வங்கியின் டேவிட் மெக்கென்ஸி உட்பட ஐந்து பேர் சேர்ந்து ஒரு சோதனையைத் தொடங்கினார்கள். 17 நிறுவனங்கள், எல்லாமே குடும்பத் தொழில், சராசரியாக 270 பேர் வேலை செய்கிற அளவு. 14 ஆலைகளுக்கு அக்சென்ச்சர் ஆலோசகர்களைக் கட்டணம் வாங்காமல் ஐந்து மாதம் அனுப்பினார்கள். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக இன்னும் 6 ஆலைகளுக்கு ஒரே ஒரு மாதம், அதாவது குறை என்ன என்று பார்த்துச் சொல்லிவிட்டுப் போகிற அளவுக்கு மட்டும். யாருக்கு ஐந்து மாதம், யாருக்கு ஒரு மாதம் என்பதைக் குலுக்கலில் விட்டார்கள், அதனால்தான் முடிவை நம்ப முடிகிறது.

ஆலோசகர்கள் கொண்டுபோன 38 நடைமுறைகளில் நீங்கள் கேள்விப்படாதது ஒன்றுகூட இருக்காது. மெஷின் நின்றால் எப்போது, ஏன் நின்றது என்று எழுதி வைப்பது. நூல் கிடங்கில் எது எங்கே, எத்தனை கிலோ என்று லேபிள் போட்டு ரேக்கில் அடுக்குவது. துணியில் விழுகிற குறையை வகை பிரித்து, எந்தத் தறி, எந்த ஷிப்ட் என்று தினமும் பதிந்து, அதை முன்னால் வைத்துக்கொண்டு மேனேஜர்கள் தினமும் உட்கார்ந்து பேசுவது. அதுவரை அங்கே நடந்ததும் உங்களுக்குத் தெரிந்ததுதான். குறை விழுந்த துணியைக் கடைசியில் செக்கிங் டேபிளில் கண்டுபிடித்து, மெண்டிங்குக்கு ஒரு கூட்டத்தையே உட்கார வைத்துக் கையால் சரிசெய்து அனுப்புவது. சரிசெய்யத்தான் ஆள் இருக்கிறதே, அப்புறம் அது எந்தத் தறியில் விழுந்தது என்று யார் கேட்கப் போகிறார்கள்? கிடங்கிலோ மூட்டை மேல் மூட்டை, ஈரத்தில் கெட்டுப்போன நூலும் அதில் சேர்த்தி.

முதல் வருஷத்திலேயே உற்பத்தித்திறன் 17 சதவீதம் கூடியது. லாபக் கணக்கில் ஆலைக்கு வருஷம் சுமார் 3 லட்சம் டாலர் என்று மதிப்பிட்டார்கள். மூன்று வருஷத்துக்குள் அந்த நிறுவனங்கள் புது ஆலைகள் திறக்க ஆரம்பித்தன.

இவ்வளவு லாபம் தரக்கூடியதை ஏன் அதுவரை செய்யவில்லை என்று முதலாளிகளையே கேட்டிருக்கிறார்கள், எனக்கு அந்தக் கட்டுரையில் பிடித்த பகுதி அதுதான். சில விஷயங்களைக் கேள்விப்பட்டதே இல்லை என்றார்கள். கேள்விப்பட்ட விஷயங்களைப் பற்றி, அது நமக்கு வேண்டியதில்லை என்றார்கள்: எங்கள் தரம் பக்கத்து மில் அளவுக்கு இருக்கிறது, லாபமும் வருகிறது, எதற்கு மாற்ற வேண்டும்? பக்கத்து மில்லும் இதே நிலைமையில் இருப்பதால் ஒப்பிட்டுப் பார்த்தாலும் குறை தெரியாது. நன்றாக நடத்தப்படும் மில் வளர்ந்து, மோசமாக நடத்தப்படும் மில்லைச் சந்தையிலிருந்து தள்ளிவிடாதா என்று கேட்கலாம். அதுவும் நடக்கவில்லை. ஒரு நிறுவனத்துக்கு எத்தனை ஆலை என்பது அதன் நிர்வாகத் தரத்தைவிட, குடும்பத்தில் எத்தனை ஆண்பிள்ளைகள் என்பதோடுதான் அதிகம் ஒத்துப்போனது. வெளியாளை நம்பி ஆலையை ஒப்படைக்க மாட்டார்கள், தம்பி இருந்தால் இரண்டாவது ஆலை, மகன் வளர்ந்தால் மூன்றாவது. நம் கொங்கு நாட்டில் இதை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

கவனியுங்கள், அந்த ஒரு மாத ஆலைகளுக்கும் என்னென்ன குறை என்று சொல்லப்பட்டது. அதாவது தகவல் போய்ச் சேர்ந்தது. ஆனால் மாற்றம் பெரிய அளவில் நடந்தது, ஆலோசகர் கூடவே நின்ற ஆலைகளில்தான். "ஆராய்ச்சி முடிவை எளிமையாக எழுதிக் கொடுத்தால் போதும்" என்று நினைப்பவர்கள் இந்த ஓர் ஒப்பீட்டைப் பார்த்தால் போதும்.

சரி, நின்ற இடத்தில் தங்கியதா? அதே ஆராய்ச்சியாளர்கள் 2017ல் திரும்பப் போய்ப் பார்த்தார்கள். புகுத்திய நடைமுறைகளில் ஏறக்குறைய பாதி கைவிடப்பட்டிருந்தது. அப்படியும் மற்ற ஆலைகளைவிட அவை முன்னேதான் இருந்தன, அதே முதலாளியின் மற்ற ஆலைகளுக்கும் சில நடைமுறைகள் பரவியிருந்தன, ஆனால் வேறு முதலாளிகளிடம் பெரிதாகப் பரவவில்லை. கைவிட்டதற்கு முக்கியக் காரணமாகச் சொல்லப்பட்டது, அதைத் தெரிந்த மேனேஜர் வேலையை விட்டுப் போனது, அப்புறம் முதலாளிக்கு நேரமில்லாமல் போனது. குறைப் பதிவேட்டை மேனேஜர் தலையில்தான் வைத்திருந்தார்கள் என்றால் அவர் ராஜினாமா கடிதத்தோடு அதுவும் கிளம்பிவிடும்.

இது புதிய அனுபவமும் இல்லை. 1953ல் லண்டனில் வேலையிட உறவுகளை ஆராய்கிற டாவிஸ்டாக் இன்ஸ்டிட்யூட்டிலிருந்து ஏ.கே. ரைஸ் என்பவர் அகமதாபாத்தில் சாராபாய் குடும்பத்தின் காலிகோ மில்லுக்கு வந்தார். அங்கே ஆட்டோமேட்டிக் தறிகள் வாங்கிப் போட்டும் உற்பத்தி ஏறவில்லை. ஒரு ஷெட்டில் 29 பேர், 12 விதமான வேலை: நெய்பவர், பேட்டரி (தறிக்கு ஊடை நூல் தருகிற உருளை) நிரப்புபவர், அறுந்த இழையைக் கட்டுபவர், எண்ணெய் போடுபவர் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு துண்டு வேலை, ஒவ்வொருவர் பார்க்கும் தறிகளின் எண்ணிக்கையும் வேறு வேறு. அதனால் ஒரு தறி நின்றால் அதைச் சேர்ந்து பார்க்க வேண்டியவர்கள் யார் யார் என்பதே குழப்பம். குறிப்பிட்ட தறிகளுக்கு ஒரு சிறு குழு முழுப் பொறுப்பு எடுத்துக்கொண்டால் என்ன என்று ரைஸ் யோசனை சொன்னார். அவர் சொல்லி முடிப்பதற்குள் தொழிலாளர்களே யார் யாரோடு என்று பேசிக் குழு பிரித்துக்கொண்டார்கள். ஆரம்பத்தில் ஏற்ற இறக்கம் இருந்தாலும் பிற்பாடு தறித்திறன் நன்றாகவே ஏறி நிலைத்தது, சேதாரமும் குறைந்தது. இதே டாவிஸ்டாக்கின் எரிக் மில்லர் 1970ல் போய்ப் பார்த்தபோது ஓர் இடத்தில் குழு முறை கிட்டத்தட்ட அப்படியே இருந்தது, மற்ற இடங்களில் தேய்ந்து பழைய முறைக்குத் திரும்பியிருந்தது. தாராப்பூருக்கு ஐம்பது வருஷத்துக்கு மேல் முந்தைய கதை, முடிவு ஒரே ஜாடை.

இதுவரை சொன்னதில் முதலாளியும் மேனேஜரும்தான் வந்தார்கள். தொழிலாளி பக்கத்தைக் காட்டுகிற கதை சியால்கோட்டில் இருக்கிறது, பாகிஸ்தான் பஞ்சாபில் கால்பந்து தைக்கும் ஊர். வழக்கமான பந்தில் 20 அறுகோணத் துண்டு, 12 ஐங்கோணத் துண்டு. ரெக்சின் ஷீட்டிலிருந்து டை (வெட்டும் அச்சு) வைத்து வெட்டுவார்கள். அறுகோணம் தேன்கூடு மாதிரி இடைவெளி இல்லாமல் அடங்கிவிடும், ஐங்கோணம் அடங்காது, நிறையக் கழிவு போகும். ஐங்கோணங்களை நெருக்கமாக அடுக்கும் கணக்கை வைத்து எரிக் வெர்ஹோகன், அமித் கண்டேல்வால் உள்ளிட்ட பொருளாதார ஆராய்ச்சியாளர்கள் ஒரு புது டை செய்தார்கள். ஒரு ஷீட்டில் 250 துண்டு கிடைத்த இடத்தில் 270க்கு மேல் கிடைக்கும். டையையும் இலவசமாகக் கொடுத்து, எப்படி வெட்டுவது என்று செய்தும் காட்டினார்கள். சந்தேகமே இல்லாத மிச்சம், அதுவும் கண்ணெதிரே.

பதினைந்து மாதம் கழித்துப் பார்த்தால், டை கொடுத்த 35 நிறுவனங்களில் விரல்விட்டு எண்ணக்கூடியவைதான் அதைப் பயன்படுத்தின.

காரணம் கூலியில் இருந்தது. வெட்டுபவர்களுக்குப் பீஸ் ரேட், துண்டுக்கு இவ்வளவு என்று. புது டை கைக்குப் பழகும்வரை வேகம் குறையும், வேகம் குறைந்தால் அன்றைய கூலி குறையும். மிச்சமாகும் ரெக்சினோ முதலாளிக்கு. அதனால் வெட்டுபவர்கள் "இது சரிப்படாது சார்" என்று சொல்லிவிட்டார்கள், முதலாளிகளும் அதை நம்பிவிட்டார்கள். டையை முதலாளி கையால் பிடித்துப் பார்த்திருக்க மாட்டார், தெரிந்தவன் சொன்னால் நம்பத்தானே வேண்டும்? ஆராய்ச்சியாளர்கள் அடுத்து செய்தது: சில நிறுவனங்களில், முதலாளி எதிரே புது டையில் ஒழுங்காக வெட்டிக் காட்டினால் வெட்டுபவருக்கு ஏறக்குறைய ஒரு மாத வருமானம் அளவுக்கு ஒரே ஒரு முறை போனஸ் என்றார்கள். அங்கே டை உபயோகத்துக்கு வர ஆரம்பித்தது. முதலாளிக்குக் கிடைக்கப்போகும் மிச்சத்தோடு பார்த்தால் அது சின்னத் தொகை, முதலாளியே கொடுத்திருக்கலாம். அவருக்கு அது தோன்றவில்லை, ஏனென்றால் தடை தொழில்நுட்பத்தில் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

உங்கள் மில்லிலும் நெய்பவருக்கு மீட்டர் கணக்கில் கூலி என்றால், "தறி நின்றதும் காரணத்தை எழுதி வை" என்று சொல்கிற ஒவ்வொரு தடவையும் நீங்கள் அவர் பையிலிருந்து காசு எடுக்கிறீர்கள். முதல் வாரம் எழுதுவார், இரண்டாவது வாரம் ஷிப்ட் முடியும்போது மொத்தமாக எதையோ நிரப்புவார், மூன்றாவது வாரம் நீங்கள் "நம்ம ஆளுங்களுக்கு இதெல்லாம் வராது" என்பீர்கள்.

கூலிப் பிரச்சினையும் இல்லாமல், செலவும் இல்லாமல், ஆராய்ச்சியும் தெளிவாக இருந்து, அப்படியும் யாரும் செய்யாத விஷயம் ஒன்று உண்டு: ஆள் எடுப்பது. எல்லா விண்ணப்பதாரரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு, பதிலுக்கு முன்கூட்டியே வைத்த அளவுகோலில் மார்க் போடுகிற நேர்முகம், மனம் போனபடி பேசிப் பார்க்கிற நேர்முகத்தைவிட நல்ல ஆளைக் கண்டுபிடிக்கும் என்பது பல பத்தாண்டு ஆராய்ச்சி. 1998ல் ஷ்மிட், ஹண்டர் இருவரும் 85 வருஷத்து ஆய்வுகளைத் தொகுத்தபோதும் இந்த வகை நேர்முகம் மேல் வரிசையில் இருந்தது, 2022ல் பால் சாக்கெட் குழு அந்தக் கணக்கைத் திருத்திப் போட்டபோது முதலிடத்துக்கே வந்தது (1998 பட்டியலில் அதற்குச் சமமாக இருந்த பொது அறிவாற்றல் சோதனை திருத்தத்தில் கீழே இறங்கிவிட்டது, ஆராய்ச்சி சொல்வது எல்லாம் கல்வெட்டு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்). 2002ல் அமெரிக்காவில் சாரா ரைன்ஸ் குழு மனிதவள மேலாளர்கள் 959 பேரிடம் 35 சரி-தவறு கேள்விகள் கொடுத்துப் பார்த்தது. ஆராய்ச்சிக்கும் அவர்கள் நம்பிக்கைக்கும் நடுவே அதிக தூரம் இருந்தது ஆள் தேர்வு சம்பந்தப்பட்ட கேள்விகளில்தான். அமெரிக்காவிலேயே இந்தக் கதி. காரணம் எனக்குத் தெரிந்தவரை கௌரவம்தான். "ஆளைப் பார்த்தவுடனே சொல்லிருவேன்" என்பது நம் முதலாளிகளுக்கு இருபது வருஷம் சேர்த்த சொத்து, அதை ஒரு மார்க் ஷீட்டுக்கு யார் விட்டுக்கொடுப்பார்கள்?

இப்போது ஆராய்ச்சிப் பக்கம் வருவோம், அவர்களையும் சும்மா விட முடியாது. 1959ல் அமெரிக்காவில் ஃபோர்டு அறக்கட்டளையும் கார்னகி நிறுவனமும் தனித்தனியே அறிக்கை வெளியிட்டு, வணிகக் கல்லூரிகள் தொழிற்பயிற்சிக் கூடம் மாதிரி இருக்கின்றன, ஆராய்ச்சித் தரம் போதாது என்று சாடின. பணமும் அந்தப் பக்கம் பாய்ந்தது. விளைவாகப் பொருளாதாரம், உளவியல், புள்ளியியல் படித்தவர்கள் உள்ளே வந்தார்கள், தரம் கூடியது, கூடவே ஒரு பேராசிரியரின் பதவி உயர்வு அவர் எந்தெந்த இதழில் எழுதினார் என்பதோடு கட்டப்பட்டது. அந்த இதழைப் படித்து ஏற்பவர்களும் பேராசிரியர்கள்தான். அவர்களுக்குப் புதிய கோட்பாடு வேண்டும். "பழைய கோட்பாடு இந்த ஊரில் இந்தக் கூலி முறையில் வேலை செய்யவில்லை, காரணம் இது" என்று ஒருவர் எழுதினால், உங்களுக்கு அது தங்கம், இதழாசிரியருக்கு அதில் புதுமை போதாது. 1993ல் அமெரிக்க மேலாண்மை அகாதமியின் தலைவராக இருந்த டொனால்ட் ஹாம்ப்ரிக், நம் அகாதமி உண்மையிலேயே யாருக்காவது முக்கியமாக இருந்தால் எப்படி இருக்கும் என்று தன் தலைமையுரையிலேயே குத்தலாகக் கேட்டார். முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது.

நம்மூரில் இதன் பதிப்பு இன்னும் பரிதாபம். 2010ல் யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) விதிகள் கட்டுரை எண்ணிக்கைக்குப் புள்ளி போட ஆரம்பித்ததும் காசு வாங்கிக்கொண்டு எதையும் அச்சடிக்கிற இதழ்கள் மழைக்காளான் மாதிரி முளைத்தன. தலைப்பு மட்டும் மாறும்: ஊழியர் மனநிறைவு, ஊழியர் ஈடுபாடு, மன அழுத்தம், பின்னால் "கோயம்புத்தூர் மாவட்டத்தைச் சிறப்பு மேற்கோளாகக் கொண்டு". ஐந்து கட்டம் போட்ட கேள்வித்தாள் ஹெச்ஆர் மேசைக்கு வரும், ஹெச்ஆர் அதை சூப்பர்வைசரிடம் கொடுப்பார், சூப்பர்வைசர் டீ நேரத்தில் ஒரே பேனாவில் இருபது தாளையும் நிரப்பிக் கொடுப்பார். கேள்வித்தாளோடு வந்தவருக்கும் இது தெரியும். முடிவில் ஊழியர்கள் "ஒத்துக்கொள்கிறேன்" என்ற கட்டத்தில் மனநிறைவோடு இருப்பதாக முனைவர் பட்டம் கிடைக்கும். இந்த வகை ஆராய்ச்சியை உங்கள் அப்பா ஓரமாக வைக்கச் சொன்னால் அவர் சொல்வதில் தப்பே இல்லை.

ஆனால் பாலம் போட்டுக் காட்டியவர்களும் நம்மூரிலேயே இருக்கிறார்கள். கோயம்புத்தூரில் 1956ல் தொடங்கிய சிட்ரா, தென்னிந்திய நெசவாலை ஆராய்ச்சிச் சங்கம். ஸ்பின்னிங் மில்காரர்களிடம் கேளுங்கள், "சிட்ரா நார்ம்" என்பது அவர்கள் பேச்சில் சாதாரணமாக வந்துபோகும். 100 கிலோ நூலுக்கு எத்தனை ஆள்மணி, பஞ்சில் எவ்வளவு கழிவு, மெஷின் எவ்வளவு ஓட வேண்டும் என்று அளவுகோல் வைத்தது மட்டுமல்ல, மில்களிடமிருந்து எண்களை வாங்கித் தொகுத்து, மற்ற மில்களோடு பார்த்தால் நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்று காட்டுகிற ஒப்பீட்டு ஆய்வுகளையும் தொடர்ந்து நடத்துகிறார்கள். தாராப்பூர் முதலாளிகள் "பக்கத்து மில் மாதிரிதான் நாங்களும்" என்றார்களே, அந்த வாதத்துக்கு இதைவிட நல்ல மருந்து இல்லை. பக்கத்து மில் எப்படி ஓடுகிறது என்பது வதந்தியாக வராமல் எண்ணாக வருகிறது. இதில் யாரும் யாருக்கும் கோட்பாடு பாடம் எடுக்கவில்லை. முதலாளி தினமும் கவலைப்படுகிற அதே எண்ணையே ஆராய்ச்சியும் அளக்கிறது, என்னைக் கேட்டால் பாதி வேலை அங்கேயே முடிந்துவிடுகிறது.

இன்னொன்று சென்னை பாடியில். 1998ல் சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு, தர நிர்வாகத்துக்காக ஜப்பானில் தருகிற டெமிங் பரிசை வாங்கியது, இந்திய நிறுவனம் ஒன்று அதை வாங்கியது அதுதான் முதல் தடவை. பின்னால் சுந்தரம் பிரேக் லைனிங்ஸ், டிவிஎஸ் மோட்டார் என்று வரிசையாக வாங்கினார்கள். பரிசை விடுங்கள், அது வந்த வழியைப் பாருங்கள். ஜப்பானில் போருக்குப் பிறகு, 1946ல் விஞ்ஞானிகளும் பொறியாளர்களும் சேர்ந்து ஒரு சங்கம் வைத்தார்கள், 1950ல் அமெரிக்கப் புள்ளியியலாளர் டெமிங் அங்கே போய் வகுப்பெடுத்தார், 1951லிருந்து பரிசு. வகுப்போடு நிற்காமல், தோக்கியோ பல்கலைக்கழகத்து இஷிகாவா போன்ற பேராசிரியர்கள் கம்பெனிகளுக்குள் நேரில் போய் வழிகாட்டுவது அங்கே வழக்கமாகவே ஆனது. அந்த மரபில் வந்த பேராசிரியர் யோஷிகாசு ட்சுடா டிவிஎஸ் குழும நிறுவனங்களுக்குப் பல வருஷம் வந்து வழிகாட்டினார். இந்த மாதிரி ஆள் வந்தால் மாநாட்டு அறையில் ஸ்லைடு போட்டு ஒப்பேற்ற முடியாது. லைனுக்குப் போய் ஒரு குறையுள்ள பாகத்தைக் கையில் எடுத்து, இது எங்கே உருவானது, எப்படித் தெரியும், பதிவைக் காட்டு என்பார்கள். ஒரு வருஷம் கழித்துத் திரும்பி வந்து அதே இடத்தில் அதே கேள்வியைக் கேட்பார்கள். திரும்ப வருவார் என்று தெரிந்தால் பதிவேடு தானாகத் தொடர்ந்து எழுதப்படும். தாராப்பூரில் இல்லாமல் போனது அதுதான்.

மூன்றாவதாக ஒன்று, இது சின்னதாகச் சொல்கிறேன். பெங்களூரைச் சுற்றியுள்ள கார்மென்ட் ஆலைகளில் பழைய விளக்குகளை எடுத்துவிட்டு எல்இடி போட்டார்கள், கரண்ட் மிச்சத்துக்காக. அச்யுதா அத்வர்யு, நம்ரதா காலா, ஆனந்த் நிஷாதம் மூவரும் ஆலையின் தினசரி உற்பத்திக் கணக்கையும் வெப்பநிலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், எல்இடி சூடு குறைவாகத் தருவதால் வெயில் நாட்களில் தையல் வேகம் குறையாமல் இருந்திருக்கிறது. அந்த லாபத்தையும் சேர்த்தால் போட்ட முதல் திரும்பி வரும் காலம் ஆறில் ஒரு பங்காகச் சுருங்கிவிடுகிறது. கரண்ட் பில் ஒரு டிபார்ட்மென்டில், உற்பத்தி இன்னொரு டிபார்ட்மென்டில் இருக்கும்போது உள்ளே இருப்பவர் கண்ணுக்கு இது படவே படாது. வெளியாள் ஒருவரால் மட்டுமே செய்ய முடிகிற வேலை என்று உண்டு, ஆனால் கம்பெனி கணக்குப் புத்தகத்தைத் திறந்து காட்டியதால்தான் அது நடந்தது.

இனி உங்கள் விஷயம். தனிக் கட்டுரைகளைத் தேடித் தேடிப் படிக்காதீர்கள், ஒரு கட்டுரை சொல்வதை அடுத்தது மறுக்கும், நூறு ஆய்வைத் தொகுத்து எழுதியது கிடைத்தால் அதைப் படியுங்கள். அதைவிட முக்கியம், உங்கள் ஷெட்டிலேயே ஒரு சோதனை நடத்துங்கள். ஒரு மாற்றம், ஒன்றே ஒன்று: பாவு (நீள இழை) அறுவதையும் ஊடை (குறுக்கு இழை) அறுவதையும் தறிவாரியாகப் பதிந்து, ஃபிட்டர் காலையில் முதலில் மிக மோசமான இரண்டு தறியைப் பார்ப்பது என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்தத் தறிகளில் இதைச் செய்வது என்பதைச் சீட்டுக் குலுக்கி எடுங்கள், மேஸ்திரியைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நல்லா ஓடுகிற தறிகளாகப் பார்த்து எடுத்துக் கொடுப்பார், அப்புறம் எதை நிரூபிப்பீர்கள்? மீதித் தறிகளையும் அதே மாதிரி அளந்து வாருங்கள், ஆனால் ஒன்றும் மாற்றாதீர்கள். முதல் இரண்டு வாரக் கணக்கை விட்டுவிடுங்கள், நீங்கள் நின்று பார்க்கிறீர்கள் என்பதாலேயே கொஞ்சம் கூடும். எழுதுகிற வேலைக்குக் கூலியில் ஈடுகட்டிவிடுங்கள், அதுவும் ஆரம்பிக்கும் முன்பே, வாய்ப்பேச்சாக இல்லாமல் சம்பளச் சீட்டில் தெரிகிற மாதிரி. அந்தப் பதிவேடு ஒரே ஆள் கையில் இருக்கக் கூடாது, குறைந்தது இரண்டு பேருக்கு அதை வாசிக்கவும் கேள்வி கேட்கவும் தெரிந்திருக்க வேண்டும், அதில் ஒருவர் நீங்கள்.

பக்கத்துக் கல்லூரியிலிருந்து எம்பிஏ ப்ராஜெக்ட் என்று பிள்ளைகள் வருவார்கள், வழக்கமாக எல்லாரும் ஒரு கடிதம் கொடுத்து அனுப்பிவிடுவோம். கேள்வித்தாளை வாங்காதீர்கள். போன வருஷத்து மெண்டிங் கூலி வவுச்சர்களையும் செக்கிங் ரிஜிஸ்டரையும் கொடுத்து, எந்த ரகத்துக்கு, எந்தத் தறிக்கு எவ்வளவு போயிருக்கிறது என்று பிரித்துக் கொடுங்கள் என்று கேளுங்கள், மாணவரோடு அவருடைய கைடும் ஒரு நாள் ஷெட்டுக்கு வர வேண்டும் என்று நிபந்தனை போடுங்கள். பல கைடுகள் வர மாட்டார்கள். வருகிற ஒருவரை விடாதீர்கள், அவருக்கு அடுத்த வருஷமும் கணக்கைத் திறந்து காட்டுங்கள்.